மழையில் நிற்கும் விமானங்கள்

கள்ளக்குறிச்சி வட்டாரத்திலே வளரும் பிள்ளைகளுக்கு ஆகாய விமானம் என்பது ஒரு வெள்ளைக் கோடு. கல்வராயன் மலைக்கு மேலே, தெளிந்த வானத்தில், அது மெல்ல நீண்டு செல்லும். சிறிது நேரம் கழித்து ஓசை வந்து சேரும். அண்ணாந்து பார்த்த கழுத்து வலிக்கும் முன்பே கோடு கலைந்துவிடும். எங்கள் மாவட்டத்தில் விமானத்திற்கு இடமே இருந்ததில்லை என்று நினைத்துவிடக் கூடாது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில், இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கில அரசு அமைத்த ஓடுதளம் ஒன்று உண்டு. போர் முடிந்ததும் அது கைவிடப்பட்டது. ஆகவே எங்கள் பிள்ளைகள் கண்டது விமானம் இல்லாத ஓடுதளம். ஓடுதளம் இல்லாத விமானங்களைக் காண வேண்டுமானால் பெங்களூருக்குப் போக வேண்டும்.

நான் தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஆடி மாதத்தில், மாணவர்களையும் மாணவிகளையும் அழைத்துக்கொண்டு அவ்வாறு போனேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பேருந்து புறப்பட்டது. சின்னசேலம், ஆத்தூர் கடந்து சேலத்தை நெருங்குகையில் பொழுது புலர்ந்தது. வலப்புறம் சேர்வராயன் மலை தெரிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி அந்த மலையைக் காட்டினேன். "விமானம் பார்க்கப் போகிறோம் என்று எழுந்தால் ஐயா மலையைக் காட்டுகிறாரே" என்று ஒருவன் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. கல்வராயன் மலையில் பிறந்த பிள்ளைக்கு மலை ஓர் அதிசயமா? ஆனால் நான் காட்டியதற்குக் காரணம் உண்டு. அந்த மலையின் உச்சிப் பகுதிகளில் பாக்சைட் என்னும் தாது இருக்கிறது. பார்வைக்குச் செம்மண் கட்டி போலத்தான் இருக்கும். மேட்டூரில் 1965-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய ஆலை, சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டிய பாக்சைட்டிலிருந்து பல பத்தாண்டுகள் அலுமினியம் எடுத்தது. 2008-ல் அதன் உருக்குப் பணி நின்றது. அந்த அலுமினியம் எந்த விமானத்திற்குப் போயிற்று என்பதன்று என் பேச்சு. விமானத்தின் உடல் ஆகாயத்திலிருந்து இறங்கியதன்று, மண்ணிலிருந்து எழுந்தது என்பதை அவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்பினேன். பின்னர் அது பயன்பட்டது.

பெங்களூரில் நாங்கள் போன இடம், பழைய விமான நிலையச் சாலையில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 2001-ஆம் ஆண்டு அமைத்த வானூர்தி அருங்காட்சியகம். நிறுவனம் அதைவிட மிகப் பழையது. 1940 டிசம்பரில், வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர், மைசூர் அரசின் துணையோடு இந்துஸ்தான் ஏர்கிராப்ட் என்ற பெயரில் அதைத் தொடங்கினார். 1964-ல் வேறு நிறுவனத்தோடு இணைந்து இன்றைய பெயரைப் பெற்றது. உள்ளே படங்களும் யந்திரங்களும் இருக்கின்றன. வெளியே, புல்வெளியில், விமானங்கள் நிற்கின்றன.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெங்களூருக்கே உரிய மெல்லிய தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் நனைவதைப் பொருட்படுத்தவில்லை. ஓடிப்போய் ஒவ்வொன்றின் முன்னும் நின்றார்கள். கரியாலூர்ப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி மட்டும் என்னருகே வந்தாள். "ஐயா, எங்கள் வீட்டில் ஏர்க்கலப்பையைக்கூட மழையில் விடமாட்டார்கள். இத்தனை பெரிய பொருளை ஏன் மழையில் நிறுத்தியிருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

"பழையது, அதனால்தான் அம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மாத்திரத்திலேயே அது விடையன்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய கலப்பையையும் அவர்கள் மழையில் விடுவதில்லை அல்லவா? அந்தக் கேள்விக்கு அன்றும் அதன் பின்னும் நான் தேடிக்கொண்ட விடையே இந்தப் பேச்சு.

முதலில் உடலைப் பார்ப்போம். தொடக்க கால விமானங்களை மழையில் நிறுத்த முடியாது. இந்திய விமானப்படை 1933-ல் தன் முதல் படைப்பிரிவைத் தொடங்கியபோது அதனிடம் இருந்தவை நான்கு வாபிடி விமானங்கள். சட்டங்களின் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, அதன்மீது மெருகு பூசிய இறக்கைகள் அவற்றுக்கு. அத்தகைய விமானம் ஒன்று டில்லியில் பாலம் என்னுமிடத்தில், 1967-ல் அமைந்த விமானப்படை அருங்காட்சியகத்தில், கூரைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. துணி நனைந்தால் தொய்யும், வெயிலில் நைந்துபோகும்.

பிற்காலத்து விமானங்களின் மேல்தோல் உலோகம். தூய அலுமினியம் இலேசானது, ஆனால் மென்மையானது, கையால் வளைக்கலாம். 1906-ல் ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் என்னும் உலோகவியலார், அலுமினியத்தோடு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் செம்பும், சிறிதளவு மெக்னீசியமும் கலந்து, சூடேற்றி நீரில் தோய்த்துப் பார்த்தார். உடனே பெரிய மாற்றம் தெரியவில்லை. சில நாள் கழித்து மீண்டும் சோதித்தபோது உலோகம் தானாகவே உறுதி அடைந்திருந்தது. வைத்திருந்தால் வலுக்கும் இந்த விந்தை உலோகமே டியூராலுமின் எனப் பெயர் பெற்றது. விமானத் தொழிலின் அடித்தளம் இது என்று சொன்னால் மிகையாகாது.

ஆயினும் வலிமை தந்த செம்பே ஒரு பலவீனத்தையும் தந்தது. தூய அலுமினியத்தின் மேல், காற்றுப் பட்டவுடன், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகும். அந்தப் படலமே அதற்குக் கவசம். நம் வீட்டு அலுமினியப் பாத்திரம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காமல் இருப்பது அதனால்தான். செம்பு கலந்தால் அந்தக் கவசத்தில் ஓட்டை விழும். ஆகவே டியூராலுமின் தகட்டின் இரு புறமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாக ஒட்டுகிறார்கள். அதற்கு மேல் வண்ணம் பூசுகிறார்கள். மழையில் நிற்கும் விமானத்தைக் காப்பவை இந்த இரண்டு போர்வைகள்.

அவை என்றென்றும் காக்குமா? காக்கா. தகடுகளை இணைக்கும் ஆணித் துளைகளின் ஓரங்களில் நீர் தங்கும். எஃகுத் திருகாணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலமே உருவாகும். அலுமினியம் மெல்ல அரிக்கப்படும். வெயிலில் டயர்கள் வெடிப்பு விடும். விமானி அமரும் அறையின் கண்ணாடி போன்ற மூடி மங்கும். குருவி, யந்திரக் குழாயைக் கண்டால் விடுமா? எந்த நாட்டு அருங்காட்சியகமானாலும், வெளியே நிறுத்திய விமானத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழுவி, துளைகளை அடைத்து, மறுபடி வண்ணம் தீட்டியே ஆக வேண்டும். கூரை போடுவதற்கு ஆகும் செலவு ஒரு புறம், தீட்டிக்கொண்டே இருக்கும் செலவு மறு புறம். பெரும்பாலான இடங்களில் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். அது சரிதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எனினும், வெளியே நிற்பதால்தான் பிள்ளைகள் நான்கு புறமும் சுற்றி வந்து, வயிற்றின் அடியில் குனிந்து பார்க்க முடிகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சுற்றி வந்து பார்த்தால் என்ன தெரியும்? படிக்கத் தெரிந்தவனுக்கு விமானத்தின் உருவமே ஒரு புத்தகம். அன்று எங்களுக்குப் பாடப்புத்தகமாக அமைந்தது எச்.எப். 24 மாருத் என்னும் போர் விமானம். மாருதம் என்றால் காற்று. மாணவர்களை அதன் முன் நிறுத்தி மூன்று இடங்களை மட்டும் பார்க்கச் சொன்னேன்.

முதலாவது, இறக்கை. அது உடலுக்குக் குறுக்கே நேராக நீளாமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கல்வராயன் மலையில் ஏறுகிறவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்வது எளிது. மலையின் மேல் செங்குத்தாக ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதே மலையில் சாய்வாக வெட்டிய பாதையில் நடந்தால் ஏற்றம் குறைவாகத் தோன்றுகிறது. மலை மாறவில்லை, நாம் அதைக் கடக்கும் திசை மாறியது. இறக்கையின் மேற்புறம் காற்றுக்கு ஒரு குன்று. இறக்கை சாய்ந்திருந்தால் காற்று அந்தக் குன்றைச் சாய்வாகக் கடக்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது எழும் எதிர்ப்பு இதனால் தள்ளிப்போகிறது. 1935-ல் ரோமாபுரியில் கூடிய விஞ்ஞானிகளின் மாநாட்டில் இக்கருத்தை வெளியிட்டவர் அடால்ப் புஸெமன் என்னும் ஜெர்மானியர். அப்போது அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பெரிதாக மதிக்கவில்லை.

இரண்டாவது, காற்று நுழையும் வாய். மாருதின் இரு பக்கங்களிலும் விமானிக்குச் சற்றுப் பின்னால் இரண்டு வாய்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும், கூம்பை நெடுக்கே இரண்டாகப் பிளந்து ஒட்டியது போன்ற புடைப்பு இருக்கிறது. அருகில் நின்ற மிக் 21 விமானத்தில் மூக்கின் நடுவே முழுக் கூம்பே இருக்கிறது. இந்தக் கூம்பு எதற்கு? பள்ளத்தாக்கின் எதிர்க் கரையில் ஒருவர் விறகு வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கோடரி விழுவது முதலில் தெரிகிறது. ஓசை பின்னால் வருகிறது. ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய மூன்று விநாடி ஆகிறது. அந்த ஒலியைவிட வேகமாக விமானம் பறந்தால், முன்னால் உள்ள காற்றுக்கு விமானம் வரும் செய்தியே எட்டாது. விலக நேரமின்றி அது முட்டிக்கொள்ளும். அவ்வேகத்தில் பாயும் காற்றை ஜெட் யந்திரத்தால் விழுங்க முடியாது. ஆகவே கூம்பின் நுனியில் அதிர்ச்சி அலைகளை எழுப்பி, காற்றின் வேகத்தை ஒலியின் வேகத்துக்குக் கீழே தணித்து, பிறகே உள்ளே விடுகிறார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? வாயில் கூம்பு வைத்திருந்தால், அந்த விமானத்தை உருவாக்கியவர் ஒலியை முந்த எண்ணியிருந்தார் என்று பொருள்.

மூன்றாவது, பின்புறம். மாருதின் வாலுக்கு அடியில் இரண்டு குழாய்கள் அருகருகே இருக்கின்றன. யந்திரம் வெப்பக் காற்றை வெளியே தள்ளும் வழி அது. "இந்தக் குழாய்கள் மிக் விமானத்தின் குழாயைவிட ஏன் ஐயா இவ்வளவு சிறியவை?" என்று ஒரு மாணவன் கேட்டான். இதைவிட நல்ல கேள்வியை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் கற்றுத் தந்திருக்க முடியாது. மாருதின் கதை முழுவதும் அந்த வாய்க்கும் இந்தக் குழாய்க்கும் இடையேதான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பெயர்பெற்ற போர் விமானமாகிய போக்கே உல்ப் 190-ஐ வடிவமைத்தவர் கூர்ட் டாங்க். நேருவின் அரசு அவரை அழைத்தது. 1956-ல் அவர் தம் உதவியாளர்களுடன் பெங்களூர் வந்தார். ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கத்தக்க விமானம் வேண்டும் என்பது விமானப்படையின் விருப்பம். அதுவரை நம் பொறியாளர்கள் சொந்தமாகச் செய்திருந்தது, வி. எம். கட்டகே தலைமையில் உருவாகி 1951-ல் பறந்த எச்.டி. 2 போன்ற சிறிய பயிற்சி விமானமே. ஒரே தாவலில் அங்கிருந்து இங்கே! 1959-ல், மரத்தால் முழு அளவில் மாதிரி ஒன்று செய்து, அதில் யந்திரமே வைக்காமல், டகோட்டா விமானத்தின் பின்னே கட்டி இழுத்து உயரே கொண்டுபோய் விட்டுச் சோதித்தார்கள். உடலின் வடிவம் நன்று என்பது தெரிந்தது. 1961 ஜூன் 17-ஆம் நாள் உண்மையான மாருத் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. சோவியத் நாட்டை விலக்கிப் பார்த்தால், ஆசியாவில் வடிவமைத்து உருவாக்கிய ஜெட் போர் விமானம் ஒன்று படையில் சேரும் நிலையை அடைந்தது அதுவே முதல் முறை.

மரத்தாலான அந்த மாதிரியையும், பிறகு மாருதையும் முதலில் ஓட்டிய விமானி சுரஞ்சன் தாஸ். 1970 ஜனவரி 10-ஆம் நாள், ஆற்றல் கூட்டிய மாருத் ஒன்றைச் சோதிக்கப் புறப்பட்டபோது அது விழுந்து அவர் உயிர் துறந்தார். அருங்காட்சியகம் இருக்கும் பகுதியில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இட்டிருக்கிறார்கள். எங்கள் பேருந்து ஓட்டுநர் அந்தப் பெயர்ப் பலகையருகே வழி கேட்டார். யார் அவர் என்று அப்போது ஒரு மாணவரும் கேட்கவில்லை. திரும்பும்போது எல்லோரும் கேட்டார்கள்.

உடல் அமைந்தது, உயிர் அமையவில்லை. மாருதுக்கு என்று டாங்க் கருதியிருந்த யந்திரம், பிரிட்டனில் உருவாகிக்கொண்டிருந்த ஆர்பியஸ் வகையில் ஒன்று. பின்னெரிப்பு என்னும் அமைப்போடு அது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8,170 பவுண்டு உந்துவிசை தர வேண்டும். அதை வாங்க வேறு நாடுகள் முன்வரவில்லை. அதை உருவாக்கி முடிக்கும் செலவை இந்தியா தாங்க வேண்டும் என்ற நிலை வந்தது. நம் அரசு இணங்கவில்லை, யந்திரம் கைவிடப்பட்டது. கிடைத்ததோ அதே இனத்தைச் சேர்ந்த ஆர்பியஸ் 703. ஒவ்வொன்றும் 4,850 பவுண்டு. இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். எண்ணியதில் ஐந்தில் மூன்று பங்குகூட வரவில்லை. பின்னர் எகிப்து நாடு செய்துகொண்டிருந்த ஒரு யந்திரத்தைப் பொருத்திப் பார்க்க, ஒரு மாருத் அங்கே அனுப்பப்பட்டது. அந்த முயற்சியும் 1960-களின் இறுதியில் நின்றது. ஒலியை முந்துவதற்கென்று வாயில் கூம்பு வைத்த விமானம், ஒலியின் வேகத்தை எட்டிப் பிடிக்கவே திணறியது.

இதைக் கேட்டபோது பிள்ளைகளின் முகம் வாடியது. வாடவேண்டிய அவசியமில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1967-ல் மாருத் விமானப்படையில் சேர்ந்தது. 147 விமானங்கள் செய்யப்பட்டன. 1971 போரில், ராஜஸ்தான் பாலைவன முனையில், தாழப் பறந்து தரை இலக்குகளைத் தாக்கும் பணியில் அவை நன்கு உழைத்தன. இரண்டு யந்திரங்களில் ஒன்று செயலிழந்த பிறகும் மற்றொன்றால் தளம் திரும்பியதுண்டு. ஆனால் அதை எண்ணி உருவாக்கிய பணி அதுவன்று. 1990-ல் மாருத் ஓய்வு பெற்றது. ஒன்று ஜெர்மனிக்கும் போய், மியூனிக் நகருக்கு அருகில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

யந்திரம் செய்வது மட்டும் ஏன் இத்தனை கடினம்? ஜெட் யந்திரத்தின் நடுவே, எரிந்த வாயு பாயும் பாதையில், சிறு சிறு அலகுகள் சுழல்கின்றன. இக்காலத்து யந்திரங்களில் அந்த வாயுவின் வெப்பம், அலகு செய்த உலோகம் உருகும் வெப்பத்தைவிட அதிகம். உருகாமல் எப்படி நிற்கிறது? அலகின் உள்ளே நுண்ணிய துளைகளின் வழியே காற்றைச் செலுத்திக் குளிர்விக்கிறார்கள். அலகு முழுவதையும் ஒரே படிகமாக வளர்த்தெடுக்கிறார்கள். இந்த வித்தை தெரிந்த நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெரிந்தவர்கள் பிறர்க்குச் சொல்வதில்லை. தேஜஸ் என்னும் நம் இலகு விமானம் 2001 ஜனவரி 4-ஆம் நாள் பெங்களூரில் பறந்தது. அதற்கென 1989-ல் தொடங்கிய யந்திரத்துக்கு நம் ஆற்றின் பெயரையே சூட்டினார்கள்: காவேரி. ஆனால் தேஜஸ் பறந்ததும் பறப்பதும் அமெரிக்க யந்திரத்தால்தான். மாருதின் வாய்க்கும் வாலுக்கும் இடையே நாங்கள் அன்று கண்ட இடைவெளி இன்னும் முழுதாக மூடப்படவில்லை.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது வருகிறேன். கலப்பையை மழையில் விடாதது, நாளைக்கு மீண்டும் உழ வேண்டும் என்பதற்காக. இந்த விமானங்கள் இனி உழப் போவதில்லை. 1963 முதல் நம் படையில் இருந்த மிக் 21-ம் 2025 செப்டம்பரில் முற்றிலும் ஓய்வு பெற்றுவிட்டது. இவற்றின் வேலை இப்போது நிற்பதும், பார்க்கப்படுவதும் மட்டுமே. அந்த வேலை அற்பமானதன்று. சென்னையை அடுத்த குரோம்பேட்டையில், சி. ராஜம் 1949-ல் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரியில், பறப்பதை நிறுத்திய இரண்டு பழைய விமானங்களைப் பாடத்துக்காக வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவற்றின் அருகிலேயே அமர்ந்திருந்ததாகத் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார், இராமேசுவரத்திலிருந்து அங்கே படிக்கச் சென்ற அப்துல் கலாம். படிப்பு முடிந்ததும் அவர் பயிற்சிக்குச் சென்றது பெங்களூரில் இதே இந்துஸ்தான் நிறுவனத்துக்குத்தான்.

அன்று மாலை மாணவர்கள் அஜீத் என்னும் குட்டி விமானத்தையும் பார்த்தார்கள். நேட் என்ற ஆங்கில விமானத்தைத் திருத்தி நம்மவர் செய்தது அது. 'நேட்' என்றால் கொசு என்று சொன்னதும் ஒரே சிரிப்பு. அதன் நீளம் 9.04 மீட்டர்; இறக்கையின் அகலம் 6.73 மீட்டர். மாருதின் நீளம் 15.87 மீட்டர், அகலம் 9 மீட்டர். எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குப் போனபோது கைப்பந்து மைதானத்தில் கூட்டமாக இருந்தது. அந்த மாணவியும் இன்னும் நால்வரும் சுண்ணாம்புத் தூளால் மாருதை முழு அளவில் வரைந்துகொண்டிருந்தார்கள். கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். இறக்கையின் இரு நுனிகளும் பக்கக் கோடுகளைச் சரியாகத் தொட்டன. நீளத்தில் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக மிஞ்சியது. உடற்பயிற்சி ஆசிரியர் என்னிடம் முறையிட வந்தார். கோடு காயும் வரை பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். காற்று நுழையும் வாயில் பாதிக் கூம்புகளை அவர்கள் மறக்காமல் வரைந்திருந்தார்கள். பின்புறத்தில் மட்டும், நான் சொல்லிய அளவைவிடக் குழாய்களைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். தவறு என்று சுட்டிக்காட்டினேன். "தெரியும் ஐயா" என்றாள் அவள்.